ஆரணி அட்டையும் ஆனந்தின் ஆட்டமும்

பட்டுப்புடவைக்கும் செஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை என்றுதான் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புடவை நெய்தே பேர் வாங்கிய எங்கள் ஆரணிக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே அட்டையில் வந்து நிற்கின்றன. உவமைக்குச் சொல்லவில்லை, நிஜமான அட்டை. ஓட்டை போட்ட அட்டை.

இந்தக் கட்டுரை அந்த அட்டையின் கதை. கூடவே ஒரு கேள்வியின் கதையும். மொபைலில் செஸ், ரம்மி, துப்பாக்கி ஆட்டம் என்று எதை ஆடினாலும் ஒரு கட்டத்தில் நம் எல்லோருக்கும் எரிச்சலோடு வரும் கேள்விதான்: எதிரில் ஆடுவது ஆளா, மெஷினா?

இது புதுக் கேள்வி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லைங்க. இதற்கு 250 வயது ஆகிறது.

தறிக்கு மேலே தொங்கும் புரோகிராம்

வெளியூர் நண்பர்களுக்காக: ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஊர். பட்டு நெசவுதான் அடையாளம். ஆரணிப் பட்டுக்குத் தனியாகப் புவிசார் குறியீடு இருக்கிறது. இங்கே சில தெருக்களில் நடந்தாலே வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும்.

தறி இருக்கும் வீட்டுக்குள் போனால் முதலில் பாவைப் பார்ப்போம். அப்புறம் தலையைத் தூக்கினால், தறிக்கு மேலே ஒரு பெட்டி. அதிலிருந்து மாலை மாதிரி தொங்கும் அட்டைகள். நூற்றுக்கணக்கில், ஒன்றோடு ஒன்று கயிற்றால் கோர்க்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஓட்டைகள். இதுதான் ஜக்கார்டு.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. நெசவாளர் மிதியை அழுத்தினால் ஒரு அட்டை, வரிசையாக நிற்கும் ஊசிகளின் மேல் போய் அழுந்தும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போய்விடும், அதோடு சேர்ந்த கொக்கி பாவு இழையை மேலே தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி பின்னால் தள்ளப்படும், இழை அப்படியே கிடக்கும். தூக்கிய இழைகளுக்குக் கீழே நாடா ஓடும். அடுத்த மிதி, அடுத்த அட்டை. ஒரு வரிசை ஊடைக்கு ஒரு அட்டை. கரையில் ஒரு மயில் வர 300 வரிசை வேண்டுமென்றால் 300 அட்டை.

ஓட்டை இருக்கிறது, ஓட்டை இல்லை. ஒன்று, பூஜ்யம். கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் செமஸ்டரில் நமக்குச் சொல்லித்தருவதை எங்கள் ஊரில் தலைக்கு மேலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள் :-)

ஜக்கார்டு வருவதற்கு முன்னால் இந்த வேலையை ஆள்தான் செய்தார். பூ வேலை வரும் இடத்தில் எந்தெந்த இழையைத் தூக்க வேண்டும் என்று முன்கூட்டியே கயிறுகளில் கட்டி வைத்திருப்பார்கள். நெசவாளர் நெய்ய, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வரிசைப்படி கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் சின்னப் பையன்கள். காஞ்சிபுரம் பக்கம் இந்த முறைக்கு 'அடை' என்று பெயர். அந்தப் பையனின் வேலையைத்தான் அட்டை எடுத்துக்கொண்டது.

லியோன் நகரத்துப் பட்டுக்காரர்

இந்த அட்டை பிறந்தது இன்னொரு பட்டு ஊரில். பிரான்சில் இருக்கும் லியோன். 1725-ல் பசீல் பூஷோன் என்பவர் ஓட்டை போட்ட காகிதச் சுருளைத் தறியில் மாட்டினார். 1728-ல் ஃபால்கோன் சுருளுக்குப் பதில் அட்டைகளைக் கோர்த்தார். 1745-ல் வோகான்சோன் இன்னும் கொஞ்சம் தானியங்கி ஆக்கினார். இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒழுங்காக ஓடும் கருவியாக 1804-ல் கொண்டுவந்தவர் ஜோசப் மேரி ஜக்கார்டு. அடுத்த வருஷமே நெப்போலியன் அரசு அதைப் பொதுச் சொத்தாக அறிவித்து ஜக்கார்டுக்கு ஓய்வூதியம் கொடுத்தது. அதாவது யார் வேண்டுமானாலும் செய்து மாட்டிக்கொள்ளலாம்.

லியோன் நெசவாளர்கள் ஆரம்பத்தில் இதைக் கொண்டாடவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தார்கள். பையன்களின் வேலை போகவும் செய்தது. ஆனாலும் சில வருஷங்களிலேயே ஆயிரக்கணக்கான தறிகளில் ஜக்கார்டு ஏறிவிட்டது.

1839-ல் இதே தறியில் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டைகள்! தூரத்திலிருந்து பார்த்தால் அச்சிட்ட படம் என்றுதான் நினைப்பார்களாம். அந்தப் படத்தில் ஒரு பிரதி லண்டனில் சார்லஸ் பாபேஜ் வீட்டில் இருந்தது. வரும் விருந்தாளிகளிடம் காட்டுவது அவருக்குப் பிடித்த விளையாட்டு.

பாபேஜை நமக்குத் தெரியும். 'கம்ப்யூட்டரின் தந்தை' என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு மார்க் கேள்வியாக வருபவர். 1830களில் அவர் திட்டமிட்ட அனலிட்டிக்கல் எஞ்சினுக்கு உத்தரவு கொடுக்க ஜக்கார்டு அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். 1843-ல் அதைப் பற்றி எழுதிய அடா லவ்லேஸும் அந்த எஞ்சினைப் பூ நெய்யும் தறியோடுதான் ஒப்பிட்டார்.

பாபேஜ் இரண்டு முறை தோற்ற கதை

இப்போது செஸ்ஸுக்கு வருவோம்.

1770-ல் வியன்னாவில் வோல்ஃப்காங் ஃபோன் கெம்பலன் என்பவர் ஒரு பொம்மையை அரசிக்குக் காட்டினார். தலைப்பாகை கட்டிய துருக்கியர் உருவம், முன்னால் ஒரு பெரிய பெட்டி, மேலே செஸ் பலகை. பெட்டிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுவார். உள்ளே பல்சக்கரங்கள். பிறகு மூடிச் சாவி கொடுப்பார். பொம்மை செஸ் ஆடும், பெரும்பாலும் ஜெயிக்கும்.

'துருக்கியர்' என்றே அதற்குப் பேர் வந்துவிட்டது. ஐரோப்பா முழுவதும் சுற்றியது. 1809-ல் நெப்போலியனோடு ஆடியது. நெப்போலியன் வேண்டுமென்றே தப்பான நகர்த்தல்களைச் செய்து சோதித்துப் பார்த்தாராம். 1820-ல் லண்டனில் பாபேஜ் இரண்டு ஆட்டம் ஆடி இரண்டிலும் தோற்றார். உள்ளே ஆள் இருக்க வேண்டும் என்ற சந்தேகம் அவருக்கு இருந்தது.

சந்தேகம் சரிதான். பெட்டிக்குள் நல்ல செஸ் ஆட்டக்காரர் ஒருவர் ஒளிந்திருப்பார். நகரும் பலகையில் உட்கார்ந்து, கதவு திறக்கும் பக்கத்துக்கு ஏற்ப இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்துகொள்வார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆடுவார். 84 வருஷம் இப்படி ஓடி, 1854-ல் பிலடெல்ஃபியாவில் ஒரு தீ விபத்தில் பொம்மை எரிந்து போனது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு மெஷின் என்று சொல்லி உள்ளே ஆளை வைத்தார்கள். இன்றைக்கு ஆள் என்று சொல்லி உள்ளே மெஷினை வைக்கிறார்கள். காசு கொடுத்துப் பார்க்க வருகிறவனுக்கு உண்மையைச் சொல்லாதது மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

பாபேஜ் இதோடு விடவில்லை. திறமையால் ஆடும் எந்த ஆட்டத்தையும் ஒரு மெஷினால் ஆட முடியும் என்று பின்னாளில் எழுதினார். மூன்று கட்டத்தில் எக்ஸ், ஓ போட்டு ஆடுகிறோமே, அதை ஆடும் ஒரு மெஷினைச் செய்து ஊர் ஊராகக் காட்டி, வரும் காசில் அனலிட்டிக்கல் எஞ்சினைக் கட்டலாமா என்றுகூட யோசித்தார். கேமிங்கில் காசு பார்த்து ஸ்டார்ட்அப் நடத்தும் ஐடியா! கடைசியில் அது நடக்காது என்று விட்டுவிட்டார்.

அட்டையிலிருந்து டீப் ப்ளூ வரை

அமெரிக்காவில் ஹெர்மன் ஹொலரித் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஓட்டை அட்டைகளை வைத்து எண்ணி முடித்தார். அவருடைய கம்பெனி 1911-ல் வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்தது. 1924-ல் அதன் பெயர் ஐபிஎம் ஆனது.

அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் கம்ப்யூட்டர் என்றாலே அட்டைதான். 1973-ல் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370 வந்த காலத்தில், புரோகிராம் எழுதுவது என்றால் அட்டையில் ஓட்டை போடுவது. அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். கட்டு கீழே விழுந்து வரிசை கலைந்தால் கதை கந்தல். ஆரணியில் அட்டையைக் கயிற்றால் கோர்த்து வைப்பதன் அருமை அப்போது தெரிந்திருக்கும்.

அதே ஐபிஎம் செய்த டீப் ப்ளூ 1997 மே மாதம் நியூயார்க்கில் உலக சாம்பியன் காஸ்பரோவை 3.5-2.5 என்று தோற்கடித்தது. நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்க்கும் மெஷின். இரண்டாவது ஆட்டத்தில் அது ஆடிய விதத்தைப் பார்த்து, நடுவில் மனிதர் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று காஸ்பரோவ் சந்தேகப்பட்டார். மெஷின் எப்படி யோசித்தது என்ற பதிவைக் காட்டுங்கள் என்று கேட்டார். மறு போட்டியும் கேட்டார். ஐபிஎம் மறு போட்டிக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மெஷினையும் ஓரங்கட்டிவிட்டது. பதிவுகளைப் பிறகுதான் வெளியிட்டார்கள்.

கவனித்தீர்களா, மறுபடியும் அதே துருக்கியர் கேள்வி. உள்ளே யார்?

காஸ்பரோவ் சொன்னது தப்பாகவே இருக்கட்டும். ஆனால் அவர் கேட்டது நியாயம். தறியில் பூ தப்பாக வந்தால் அட்டையைக் கழற்றிப் பார்க்கலாம், எந்த ஓட்டை தப்பு என்று விரல் வைத்துக் காட்டலாம். டீப் ப்ளூவின் அட்டையை உடனே காட்டச் சொன்னார் அவர், அவ்வளவுதான்.

ஆனந்தின் இரண்டு ஆட்டங்கள்

நம்மூர் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டில் செஸ் வளர்ந்த வரலாறு பெரியது. 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன மானுவல் ஆரோன், 1972-ல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தொடங்கிய டால் செஸ் கிளப், அங்கே ஆடிப் பழகி 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன விஸ்வநாதன் ஆனந்த் என்று போகும். அதைத் தனியாக எழுத வேண்டும். இங்கே ஆனந்தின் இரண்டே இரண்டு சம்பவங்கள் போதும்.

முதலாவது. டீப் ப்ளூவிடம் தோற்ற காஸ்பரோவ் 1998-ல் ஒரு புது யோசனையைக் கொண்டுவந்தார். மெஷினோடு சண்டை போடுவதற்குப் பதில், ஆளுக்கொரு கம்ப்யூட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருவரும் ஆடினால் என்ன? ஸ்பெயினில் லியோன் என்ற ஊரில் (பிரான்சின் லியோன் இல்லை, இது வேறு) 'அட்வான்ஸ்டு செஸ்' என்ற பெயரில் நடந்தது. காஸ்பரோவும் டோபலோவும் 3-3. அடுத்த வருஷம் அதே ஊரில் ஆனந்த் கார்ப்போவை எளிதாக வென்றார். கம்ப்யூட்டரை எந்த நேரத்தில் கேட்க வேண்டும், எப்போது அதை நம்பக் கூடாது என்பதே அங்கே திறமை ஆனது.

இரண்டாவது. 2021 ஜூன் 13. கொரோனா நிவாரணத்துக்கு நிதி திரட்ட செஸ்.காம் தளத்தில் ஆனந்த் பல பிரபலங்களோடு ஒரே நேரத்தில் ஆடினார். அமீர் கான், கிரிக்கெட் வீரர் சாஹல் எல்லாம் ஆடினார்கள். பங்குச்சந்தை நிறுவனமான ஜெரோதாவின் இணை நிறுவனர் நிகில் காமத் ஆனந்தை ஜெயித்துவிட்டார். நகர்த்தல்கள் கிட்டத்தட்ட முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டர் சொல்வது போலவே இருந்தன. தளம் அவர் கணக்கை மூடியது. மறுநாள், தனக்குச் சிலரும் கம்ப்யூட்டரும் உதவியதாக அவரே ட்விட்டரில் ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பலகையில் இருந்த நிலையைத்தான் தான் ஆடியதாகவும், மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் ஆனந்த் சொன்னார். பிறகு, இது ரேட்டிங் இல்லாத ஆட்டம் என்று காரணம் சொல்லித் தளம் கணக்கைத் திருப்பிக் கொடுத்தது.

இரண்டு சம்பவத்திலும் ஆனந்தின் எதிரில் கம்ப்யூட்டர் இருந்தது. முதலாவதை யாரும் மோசடி என்று சொல்லவில்லை. இரண்டாவதை எல்லோரும் சொன்னார்கள். வித்தியாசம் மெஷினில் இல்லை. முதல் ஆட்டத்தில் மெஷின் மேஜை மேலே இருந்தது. இரண்டாவதில் மேஜைக்கு அடியில் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

ஏமாற்றுவதற்கு இணையமே வேண்டும் என்பதும் இல்லை. 2006 டிசம்பரில் டெல்லியில் நடந்த ஒரு போட்டியில் ஒரு ஆட்டக்காரர் தொப்பிக்குள் புளூடூத் கருவியைத் தைத்து வைத்து மாட்டிக்கொண்டார். பத்து வருஷம் தடை.

ஆரணியிலும் இதே வழக்குதான்

இப்போது ஊருக்குத் திரும்பி வருவோம். தறிக்கு மேலே ஜக்கார்டு மெஷின் இருக்கிறதே, அப்படி நெய்த புடவையைக் கைத்தறி என்று சொல்லலாமா? சொல்லலாம், யாரும் மறுப்பதில்லை. மிதிப்பது காலால், நாடாவை ஓட்டுவது கையால், இழை அறுந்தால் முடிவது விரலால். எந்த இழை எழ வேண்டும் என்ற கணக்கை மட்டும் அட்டை பார்த்துக்கொள்கிறது. அதுவும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி தலைக்கு மேலே. சில தறிகளில் இப்போது அட்டைக்குப் பதில் மின்னணு ஜக்கார்டு வந்துவிட்டது, டிசைன் கம்ப்யூட்டரிலிருந்து போகிறது. அதுவும் கைத்தறிதான். இதை நான் 'அட்வான்ஸ்டு நெசவு' என்று சொல்வேன்.

பிரச்சினை எங்கே வருகிறது? விசைத்தறியில் ஓட்டிய புடவையைக் கைத்தறிப் பட்டு என்று சொல்லி விற்கும்போது. நெசவாளர் பல நாள் உட்கார்ந்து நெய்ததை மெஷின் சில மணி நேரத்தில் ஓட்டிவிடும். அதை அதன் விலைக்கு, அதன் பெயரில் விற்றால் ஒரு தப்பும் இல்லை. எல்லோராலும் கைத்தறிப் பட்டு வாங்க முடியாது. ஆனால் கைத்தறி என்ற பெயரில் விற்றால், நெசவாளரின் எதிரில் உட்கார்ந்திருப்பது துருக்கியர் பொம்மைதான். அவர் கையால் ஆடுகிறார், எதிரி மேஜைக்கு அடியில் மெஷின் வைத்துக்கொண்டு ஆடுகிறான். இதில் யார் தோற்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். நம் ஆட்டத்தில் போவது ரேட்டிங். அங்கே போவது கூலி. அப்பா நெய்த தறியில் பிள்ளை உட்காராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு விதிகளும் இருக்கின்றன. 1985-ல் கைத்தறிக்கான ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. சில வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்யலாம் என்று சொல்லும் சட்டம். விசைத்தறித் தரப்பு வழக்குப் போட்டது. 1993-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. முதலில் 22 வகைத் துணிகள் பட்டியலில் இருந்தன, பிறகு 11 ஆகக் குறைந்தது. சேலை, வேட்டி, துண்டு, லுங்கியில் குறிப்பிட்ட வகைகள் அதில் உண்டு. 2004-ல் சில்க் மார்க் வந்தது, அது பட்டு அசலா என்று மட்டும் சொல்லும். கையால் நெய்ததா என்று சொல்ல 2006-ல் கைத்தறி முத்திரை வந்தது. இரண்டும் வேறு வேறு என்பது வாங்கும் பலருக்குத் தெரியாது. அசல் பட்டை விசைத்தறியிலும் ஓட்டலாமே!

முத்திரை இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வழி கோர்வை. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருந்து, இரண்டும் பின்னிச் சேரும் இடத்தைப் பாருங்கள். மூன்று நாடா போட்டு, பெரும்பாலும் பக்கத்தில் ஒரு உதவியாளரோடு நெய்வது அது. விசைத்தறியில் அப்படியே கொண்டுவருவது கஷ்டம். இன்னொரு வழி, கை வேலையில் இருக்கும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரு மில்லிமீட்டர்கூட மாறாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

செஸ் தளங்களும் மோசடியை இப்படித்தான் தேடுகின்றன. ஒவ்வொரு நகர்த்தலும் மெஷின் சொல்வதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது, சுலபமான நகர்த்தலுக்கும் கஷ்டமான நகர்த்தலுக்கும் ஒரே நேரம் எடுத்துக்கொள்கிறாரா என்று பார்ப்பார்கள். மனிதன் என்றால் எங்காவது தடுமாறுவான். தடுமாறவே இல்லையென்றால் மாட்டிக்கொள்வான். புடவைக்கும் செஸ்ஸுக்கும் ஒரே சோதனை!

சீட்டைக் கலைப்பது யார்?

செஸ்ஸில் ஒரு வசதி, பலகை முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். ரம்மியில் அது கிடையாது. எதிராளியின் சீட்டும் தெரியாது, கட்டில் அடுத்து என்ன வரும் என்றும் தெரியாது. நேரில் ஆடும்போது கலைக்கும் கையாவது தெரியும். ஆப்பில் அதுவும் இல்லை.

1967-ல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. விழுந்த சீட்டை ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டும் என்பது காரணம். அந்தத் தீர்ப்பு வந்தபோது சீட்டுக் கட்டு என்றால் காகிதக் கட்டு. ஐம்பது வருஷம் கழித்து அதே தீர்ப்பு மொபைல் ஆப்புகளுக்குக் கேடயம் ஆனது.

தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து பலர் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் தொடர்ந்து வந்தன. 2021-ல் அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022-ல் புதுச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேறி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அந்த வழக்கில் அரசு வைத்த வாதங்களில் ஒன்று நம் கேள்விதான்: சீட்டைக் கலைப்பது மென்பொருள், எதிரில் ஆடுவது பாட்டாக இருக்கலாம், அப்புறம் எப்படி இது நேரில் ஆடும் ரம்மி ஆகும்? அதற்குப் போதுமான ஆதாரம் காட்டவில்லை என்று 2023 நவம்பரில் நீதிமன்றம் ரம்மி, போக்கர் மீதான தடையை மட்டும் நீக்கியது. ஒழுங்குபடுத்தலாம் என்றது. 2025-ல் அப்படி வந்த விதிகளை (நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும்) ஜூன் மாதம் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் கூடாது என்பது அந்தச் சட்டம்.

தடை சரியா தப்பா என்று சண்டை போடலாம். எனக்கு உறுத்துவது வேறு. ஆதாரம் எங்கே என்று நீதிமன்றம் கேட்டது நியாயம். ஆனால் அந்த ஆதாரம் யாரிடம் இருக்கும்? சர்வர் வைத்திருப்பவரிடம்தான். சீட்டைக் கலைப்பவரிடமே போய், நீங்கள் சரியாகக் கலைக்கவில்லை என்பதற்கு ஆதாரம் கொடுங்கள் என்று கேட்டால் எந்தக் காலத்தில் கொடுப்பார்?

பணம் இல்லாத ஆட்டத்திலும் இதே எரிச்சல்தான். பல மொபைல் துப்பாக்கி ஆட்டங்களில் ஆரம்ப லெவல்களில் ஆளுக்குப் பதில் பாட்களை விடுவார்கள், மனிதர் பெயரே வைத்து. நாமும் பத்துப் பேரைச் சுட்டுவிட்டோம் என்று காலரைத் தூக்கிக்கொள்வோம். பிறகு கொஞ்சம் மேலே போனால் நிஜ ஆட்கள் வந்து முப்பது நொடியில் அனுப்பிவிடுவார்கள். இன்னொரு பக்கம், வகுப்பில் ஒருவனின் கணக்கை ஒரு தளம் திடீரென்று மூடிவிட்டது. விதிமீறல் என்று ஒரே வரி. எந்த விதி, எந்த ஆட்டம் என்று கேட்டு அனுப்பிய மெயிலுக்கு வந்த பதிலும் தானியங்கிப் பதில்தான். நம்மை மெஷின் என்று குற்றம் சொல்வதும் ஒரு மெஷின் :-(

மெஷினை எப்போது கையில் எடுப்பது?

இதையெல்லாம் படித்துவிட்டு, மெஷினே வேண்டாம் என்று சொல்கிறேன் என நினைக்க வேண்டாம். 2017-ல் ஆல்ஃபாசீரோ வந்து, தனக்குத் தானே ஆடிக் கற்றுக்கொண்டு, ஸ்டாக்ஃபிஷ் என்ற பலமான எஞ்சினை 100 ஆட்டத்தில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை என்று ஜெயித்தது. யானைக்கு முன்னால் நிற்கும் ஓரச் சிப்பாயைத் தைரியமாக முன்னே தள்ளுவது, காய்களைக் கொடுத்து இடத்தைப் பிடிப்பது என்று அது ஆடியதைப் பார்த்துப் பெரிய ஆட்டக்காரர்களே தங்கள் பாணியை மாற்றினார்கள். மெஷினிடமிருந்து கற்பது நல்லதுதான்.

ஆனால் எப்போது? இதற்குச் சென்னைப் பையன் குகேஷ்தான் நல்ல உதாரணம். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஆரம்ப வருஷங்களில் எஞ்சினைத் தொடவே விடவில்லை. சுமார் 2500 ரேட்டிங் வரும் வரை சொந்த மூளையிலேயே கணக்குப் போட வைத்தார். 2019 ஜனவரியில் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பர் 12-ல் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலக சாம்பியன்.

அந்தக் கடைசி 14-வது ஆட்டத்தைப் பாருங்கள். குகேஷுக்கு ஒரு சிப்பாய் மட்டும் கூடுதல். டிரா என்றே எஞ்சின் சொல்லிக்கொண்டிருந்தது, பார்த்தவர்களும் அதையே நினைத்தார்கள். குகேஷ் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தார். 55-வது நகர்த்தலில் டிங் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். அவ்வளவுதான், முடிந்தது. களைத்துப் போன மனிதன் தப்பு செய்யலாம் என்பது எஞ்சினின் கணக்கில் வராது. எதிரில் உட்கார்ந்து மனிதனோடு ஆடிப் பழகியவனுக்குத்தான் தெரியும்.

நெசவிலும் அப்படித்தான். அட்டை பூவைப் போடும். ஆனால் எந்த இழை தளர்ந்திருக்கிறது, ஜரிகை எங்கே முறுக்கிக்கொள்ளும் என்பது கைக்குத்தான் தெரியும். அதைப் பழகியவர் கையில் ஜக்கார்டு ஒரு வரம்.

ஆகவே...

என் கருத்து இதுதான். 250 வருஷமாக மெஷின் மேல் பழியைப் போட்டு வருகிறோம். லியோனிலும் போட்டார்கள், நியூயார்க்கிலும் போட்டார்கள், இப்போது ஏஐ மேல் போடுகிறோம். மெஷின் வந்ததால் தறி கெட்டுப் போகவில்லை, செஸ்ஸும் கெட்டுப் போகவில்லை. மெஷினை ஒளித்து வைத்ததால்தான் இரண்டிலும் பிரச்சினை.

அதனால் நான் கேட்பது மூன்றே மூன்று. ஆடுவது பாட் என்றால் பாட் என்று பெயர் போடுங்கள், ஓட்டியது விசைத்தறி என்றால் விசைத்தறி என்று சீட்டு ஒட்டுங்கள். கலைக்கும் மென்பொருளையும் கணக்கை மூடும் மென்பொருளையும் வெளியாள் ஒருவர் திறந்து பார்க்க வழி வையுங்கள். ஒருவரைக் குற்றவாளி என்று சொன்னால் எந்த ஆட்டம், எந்த நகர்த்தல் என்று காட்டுங்கள். ஆரணியில் ஒரு அட்டை தப்பென்றால் அட்டை கட்டுபவர் எண்ணைப் பார்த்து எடுத்துக் காட்டுவார். அவ்வளவு பெரிய கம்பெனிகளால் அது முடியாதா?

நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வீட்டில் அடுத்த கல்யாணத்துக்குப் புடவை எடுக்கும்போது சில்க் மார்க்கோடு கைத்தறி முத்திரையும் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்டால்தான் அவரும் அடுத்த முறை கேட்டு வாங்கி வைப்பார். அதேபோல ஆன்லைனில் செஸ் ஆடும்போது பக்கத்து ஜன்னலில் எஞ்சினைத் திறந்து வைக்கும் நண்பர் யாராவது இருந்தால், ஆரணிக்கு ஒரு முறை கூட்டி வாருங்கள். தறியைக் காட்டுகிறேன்.

உங்கள் அனுபவம் என்ன என்று எழுதுங்கள். அடுத்த கட்டுரை டால் செஸ் கிளப் பற்றி.